வீசா வந்துவிட்டது, நாயை என்ன செய்வது?

வடக்கில் ஒரு வீடு பூட்டப்படுவதற்கு முன்னர் நடக்கும் காரியங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. காணி உறுதியும் நகையும் வங்கிக்குப் போகும். மோட்டார் சைக்கிள் விற்கப்படும். கட்டிலும் அலுமாரியும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போகும். மாட்டுக்கும் கோழிக்கும் விலை இருப்பதால் அவற்றைக் கேட்டு ஆள் வந்துவிடும். விலை இல்லாத ஒன்று மட்டும் கடைசிக் கிழமை வரை முற்றத்தில் படுத்திருக்கும். அது வீட்டு நாய்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இளையவர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். பின்னால் நின்ற பெற்றோருக்குப் பல வீடுகளில் நாய்தான் பேச்சுத்துணையும் இரவுக் காவலும். இப்போது அந்தப் பெற்றோரையும் பிள்ளைகள் அழைக்கிறார்கள். அல்லது பெற்றோர் நோயில் விழுகிறார்கள், காலமாகிறார்கள். இரண்டில் எது நடந்தாலும் வளவுக்குள் ஒரு நாய் மிஞ்சுகிறது.

கடந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கும் இந்தக் கேள்வி வந்தது. அப்பா காலமான பின்னர் உருத்திரபுரத்தில் அம்மா தனியே இருந்தார். கனடாவில் இருக்கும் அண்ணா அவருக்கு வீசா விண்ணப்பித்தார். நான் கொழும்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அங்கே பிராணிகள் வைத்திருக்க அனுமதி இல்லை. வேலைக்காக மாதத்தில் பாதி நாட்கள் நான் வெளியூரில். எங்கள் பிரவுணிக்கு வயது ஏழு. ஊர் நாய், மண்ணிறம், பெட்டை. அதற்கு ஒரு வீடு தேடி முடிக்க நான்கு மாதங்கள் எடுத்தன. அந்த நான்கு மாதங்களில் கால்நடை வைத்தியர்களிடமும் இதே நிலையில் இருந்த குடும்பங்களிடமும் கேட்டு அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மனிதரைத் தேடும் ஊரில் நாயைப் பற்றியா?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்த இழப்புக்குப் பக்கத்தில் வேறெதையும் வைத்துப் பேச முடியாது.

ஆனால் நாயை விட்டுவிட்டு வருவது என்பது எங்கள் சனத்துக்குப் புதிய அனுபவம் அல்ல. 1990 ஒக்ரோபரில் சில மணி நேர அவகாசத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வளர்த்த ஆடுமாடுகளை விட்டே போனார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் நாயை அவிழ்த்துவிட்டு, இருந்த சோற்றைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு வந்தார்கள். 2008 இன் பிற்பகுதியில் வன்னியின் மேற்கிலிருந்து கிழக்கே உழவு இயந்திரங்கள் போனபோது அவற்றுக்குப் பின்னால் நாய்கள் ஓடின.

எங்களுடைய ஜிம்மியும் அப்படி ஓடியது. அப்பா மாமரத்தடியில் சங்கிலியைக் கழற்றிவிட்டார். பரந்தன் வரையும் பின்னால் ஓடி வந்ததைப் பார்த்து அங்கே பெட்டியில் தூக்கிப் போட்டோம். தருமபுரத்தில் எங்களோடு இருந்தது. விசுவமடுவில் ஷெல் விழுந்த ஒரு நாளில் காணாமல் போனது. முகாமிலிருந்து 2010 இல் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மாமரத்தில் சங்கிலி இருந்தது. அதன்பிறகு அம்மா பல வருடங்கள் நாய் வளர்க்கவில்லை. ஒரு மாரியில் படலைக்குள் தானாக நுழைந்த குட்டிதான் பிரவுணி.

வீசா கிடைக்கும் என்று தெரிந்தபோது, "சந்தையடியில விட்டால் மீன்தலை தின்று பிழைச்சுக்கொள்ளும்" என்று உறவினர் ஒருவர் அம்மாவுக்கு யோசனை சொன்னார். அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை. இரவு என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளை, அண்டைக்கு ஓடினனாங்கள், அதாலை விட்டிட்டு வந்தனாங்கள். இப்ப ஆர் எங்களைத் துரத்தினம்?"

கோயிலடியில் விட்டால் பிழைக்குமா?

அனேகமாக இல்லை. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நாய்களுக்கு எல்லை உண்டு. சந்தை, பஸ் நிலையம், கோயில் வீதி என உணவு கிடைக்கும் இடமெல்லாம் ஏற்கெனவே வேறு நாய்க் கூட்டத்தின் கையில் இருக்கும். புதிதாக விடப்படும் நாயை அவை கடித்து விரட்டும். வீட்டுக்குள் வளர்ந்த நாய்க்கு அந்தச் சண்டை தெரியாது.

இரண்டாவது, வீதி. வாகனத்தைக் கண்டு ஒதுங்கும் பழக்கம் வீதியில் வளர்ந்த நாய்க்கு இருக்கும். வளவுக்குள் வளர்ந்த நாய்க்கு இராது. தன் வீட்டைத் தேடி அது ஓடத் தொடங்கும்போது பெருந்தெருக்களைக் கடக்கவேண்டி வரும்.

மூன்றாவது, ஊரின் சுகாதாரம். இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் உயிர்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். கடி பட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஆண்டுதோறும் ஊசி போடப்பட்ட வீட்டு நாய், வீதிக்கு வந்ததும் அடுத்த ஊசியைத் தவறவிடுகிறது. பெட்டை நாயாக இருந்தால் ஏறக்குறைய 63 நாள் சினைக்காலத்தில் குட்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு குடும்பம் தன் பிரச்சினையை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதே இதன் பொருள்.

சட்டம் இதில் பெரிதாக உதவுவதில்லை. நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டினது. மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. இரண்டும் பிரித்தானியர் காலத்தவை. புதிய விலங்கு நலச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. வீதி நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையை அரசாங்கம் 2006 இல் நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. அந்த வழி வெற்றி பெறவேண்டுமானால் வீட்டு நாய்கள் வீதிக்கு வருவது நிற்கவேண்டும்.

கூட்டிச் செல்ல முடியுமா?

முடியும். ஆனால் வீசா வந்த பின்னர் யோசிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் காலம் போதாது.

பிரித்தானியாவுக்கோ பிரான்ஸ், ஜேர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ இலங்கையிலிருந்து நாயைக் கொண்டுபோவதானால், முதலில் அதன் தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்தவேண்டும். அதன்பின் விசர்நாய்த் தடுப்பூசி. ஊசி போட்டு குறைந்தது 30 நாட்கள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்க்கவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்கவேண்டும். எல்லாம் சரியாகப் போனாலும் நான்கு மாதங்கள். அவுஸ்திரேலியா இலங்கையிலிருந்து நேரடியாக நாய்களை ஏற்பதில்லை.

கனடாவின் விதியைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். விசர்நாய்க்கடி ஆபத்துக் கூடியவை எனப் பட்டியலிடப்பட்ட நாடுகளிலிருந்து வணிக வகையில் நாய்கள் வருவதைக் கனடா 2022 செப்டெம்பர் 28 முதல் தடைசெய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. தத்துக் கொடுப்பதற்காக அனுப்பப்படும் நாயும் வணிக வகைக்குள்ளேயே அடங்கும். உரிமையாளர் தன் சொந்த நாயைத் தடுப்பூசிச் சான்றிதழுடன் கொண்டுபோவது வேறு வகை. எனவே, "நீங்கள் முதலில் வாருங்கோ, நாயைப் பிறகு ஆரும் அனுப்பட்டும்" என்ற திட்டம் சிக்கலில் முடியலாம். விதிகள் மாறுகின்றவை. போகும் நாட்டின் அரச இணையத்தளத்தையும், இங்கே விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகத்தையும் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னர் விசாரிக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் தடையாக இருந்தது விதி அல்ல. அண்ணா இருப்பது அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு. முற்றத்தில் ஓடித் திரிந்த ஏழு வயது நாயைப் பனிக்காலத்தில் அதற்குள் வைத்திருப்பது யாருக்கு நல்லது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வேறு வீடு தேடுவதென்று முடிவெடுத்தோம்.

முதலில் நாயின் காகிதங்கள்

வீடு தேடத் தொடங்குமுன் செய்யவேண்டியவை சில. நாயை அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ தனியார் வைத்தியரிடமோ கொண்டுபோய் உடலைப் பார்க்கச் சொல்லுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியைப் புதுப்பித்து, அட்டையைக் கையில் வைத்திருங்கள். உண்ணி, புழு, சொறி இருந்தால் மருந்து எடுங்கள். பொதுச் சுகாதாரப் பிரிவினர் அவ்வப்போது ஊர்களில் இலவசமாகத் தடுப்பூசி போடுவார்கள். எப்போது வருவார்கள் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

பெட்டை நாய் என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சைதான் எல்லாவற்றிலும் முக்கியம். "பெட்டை வேண்டாம், குட்டி போடும்" என்பதே நாங்கள் அதிகம் கேட்ட மறுப்பு. பிரவுணிக்கு ஏற்கெனவே கருத்தடை செய்திருந்தோம். அதைச் சொன்ன பின்னர்தான் பலர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள். சத்திரசிகிச்சைக் காயம் ஆற இரண்டு கிழமை வரை தேவைப்படும் என்பதால், கையளிக்கும் நாளுக்கு நெருக்கமாக அதை வைக்கக்கூடாது.

அடுத்தது, நாயைப் பற்றிய உண்மைகள். அம்மா ஒரு கொப்பித் தாளில் எழுதினார். காலையில் என்ன சாப்பிடும், எந்த நேரம் படுக்கும், மழைக்கு எங்கே ஒதுங்கும், வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடும், காதைத் தொட்டால் உறுமும், ஒருமுறை பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்தது. கடைசி வரியை எழுதத்தான் வேண்டுமா என்று நான் கேட்டேன். "எழுதாமல் விட்டால் ரெண்டாம் நாள் அடிச்சுக் கலைப்பினம்" என்றார் அம்மா. குறையை மறைத்துக் கொடுக்கப்படும் நாய்தான் வீடு மாறி வீடு மாறிக் கடைசியில் வீதிக்கு வருகிறது.

யாரிடம் கொடுப்பது?

முகநூலில் படம் போட்டால் விருப்பக்குறிகள் நிறைய வரும். வீடு வருவது அரிது. நாங்கள் விசாரித்த குடும்பங்களில் பெரும்பாலானவை தெரிந்தவர் மூலமாகவே நல்ல இடத்தைக் கண்டன. கால்நடை வைத்தியர் நல்ல வழி. அண்மையில் நாய் செத்த வீடு எது, நாயை ஒழுங்காக ஊசிக்குக் கொண்டுவருபவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அடுத்தது, பாடசாலை ஆசிரியர்கள், கோயில் நிர்வாகத்தினர், பால் சேகரிப்பவர் போல ஊரில் வீடு வீடாகத் தெரிந்தவர்கள்.

கேட்டு வருபவரிடம் தயங்காமல் கேட்கவேண்டிய கேள்விகள் இவை:

நாயைக் கட்டி வைப்பீர்களா, எவ்வளவு நேரம்? வளவுக்கு வேலி அடைப்பு இருக்கிறதா? வீட்டில் வேறு நாயோ, கோழியோ, கைக்குழந்தையோ இருக்கிறதா? சாப்பாடு வைப்பவர் யார்? முன்னர் நாய் வளர்த்தீர்களா, அதற்கு என்ன நடந்தது? நீங்களும் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா?

கடைசிக் கேள்வி சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் இன்னொரு முறை வீடு மாறுவதைத் தடுப்பது அந்தக் கேள்விதான்.

எங்களிடம் மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் ஊருக்கு வெளியே இருக்கும் தன் தோட்டத்துக்குக் காவல் நாய் தேடினார். கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்: இரவும் பகலும் சங்கிலியில் நிற்கும், ஆள் பின்னேரம்தான் வரும். மறுத்துவிட்டோம். நாள் முழுதும் கட்டப்படும் நாய் மனிதருடன் பழகும் குணத்தை இழந்து மூர்க்கமாகும். அவிழும் நாளில் யாரையாவது கடிக்கும். இரண்டாவதாக வந்தவர்கள் ஓர் இளம் குடும்பம். கொப்பித் தாளில் கோழி விடயத்தை வாசித்ததும், தாங்கள் இருபது கோழி வளர்ப்பதாகச் சொல்லி நன்றியோடு விலகினார்கள். அது இரு பக்கத்துக்கும் நல்லது.

மூன்றாவது வட்டக்கச்சியிலிருந்து. கணவனை இழந்த ஒரு அம்மம்மா, தரம் எட்டில் படிக்கும் பேத்தி. அவர்களின் நாய் முந்தைய ஆண்டு கிழடாகிச் செத்திருந்தது. தாளை வாசித்த பேத்தி வெடிச் சத்த வரியில் நின்று, "அம்மம்மாவும் அப்பிடித்தான்" என்றாள். அந்த அம்மா சிரித்தார். என் அம்மாவும் சிரித்தார்.

இலவசமாகக் கொடுப்பதா என்ற கேள்வியும் இருக்கிறது. காசு வாங்கவேண்டியதில்லை. ஆனால் வழியில் நின்று கேட்டவருக்கு அந்த இடத்திலேயே தூக்கிக் கொடுக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து நாயைப் பார்க்கவேண்டும். நீங்கள் அவர்கள் வீட்டைப் போய்ப் பார்க்கவேண்டும். இந்த இரண்டு பயணத்துக்கும் மனமில்லாதவர், நள்ளிரவில் நாய்க்கு வருத்தம் வந்தால் வைத்தியரிடம் போகமாட்டார்.

கையளிக்கும் நாளும் அதன் பிறகும்

வீடு மாறும் நாய்க்கு முதல் மூன்று நாள் பயம், மூன்று கிழமையில் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று நாய்களுடன் வேலை செய்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாவிட்டாலும், புதிதாக ஏற்பவர் பொறுமையாக இருக்க இந்தக் கணக்கு உதவுகிறது.

முடிந்தால் ஒரே நாளில் கையளிக்கவேண்டாம். வட்டக்கச்சிக் குடும்பம் மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்து, தங்கள் கையால் பிரவுணிக்குச் சாப்பாடு வைத்தது. பிறகு ஒரு சனி, ஞாயிறு அது அங்கே தங்கியது. மூன்றாவது கட்டமாகத்தான் முழுமையாகப் போனது. அம்மா பயணமாவதற்கு ஆறு கிழமைக்கு முன்னரே இதைச் செய்தோம். சரிவராவிட்டால் திருப்பி எடுக்கவும் வேறு இடம் தேடவும் கால அவகாசம் வேண்டும். விமானம் ஏறும் கிழமையில் கொடுத்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நாயோடு அதன் பழைய சாக்கு, சாப்பாட்டுக் கோப்பை, உரிமையாளரின் துவைக்காத துணி ஒன்று ஆகியவற்றைக் கொடுங்கள். நாய் உலகத்தை மூக்கால் அறிகிறது. தெரிந்த மணம் ஒன்று பக்கத்தில் இருந்தால் நித்திரை கொள்ளும். அம்மா தன் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கொடுத்தார். சாப்பாட்டையும் முதல் நாட்களில் மாற்றக்கூடாது. புட்டும் மீனும் தின்ற நாய்க்குப் பைக்கற் உணவைத் திடீரென்று வைத்தால் வயிறு கெடும்.

முதல் இரண்டு கிழமை நாயைத் தனியே வெளியே விடவேண்டாம். பழைய வீட்டைத் தேடி ஓடுவது இந்த நாட்களில்தான். கழுத்துப்பட்டியில் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள். பிரவுணி முதல் இரண்டு நாட்களும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு எல்லோரும் படுத்த பின்னர் கோப்பையைக் காலியாக்கியது. ஒன்பதாம் நாள் படலை திறந்தபோது கயிற்றோடு வீதிக்கு இழுத்தது. இருபதாம் நாள் அளவில் பேத்தி பாடசாலை விட்டு வரும் நேரத்துக்கு விறாந்தை வாசலில் நிற்கத் தொடங்கியது.

பழைய உரிமையாளருக்கும் ஒரு கட்டுப்பாடு தேவை. முதல் கிழமைகளில் போய்ப் பார்க்கக்கூடாது. போய்விட்டுத் திரும்பும்போது நாய் இரண்டாவது முறையும் கைவிடப்படுகிறது. அம்மாவுக்கு இதுதான் கடினமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொலைபேசி எடுத்து, நாய் என்ன தின்றது என்று கேட்பார். தன் குரலை நாய்க்குக் கேட்கவிட வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார்.

வீடு கிடைக்காவிட்டால்

வயதான நாய்க்கும் நோயாளி நாய்க்கும் வீடு கிடைப்பது கடினம். பத்து வயதைத் தாண்டிய நாயை இடம் மாற்றுவதைவிட, அதே வளவில் வைத்துப் பார்ப்பதற்கு ஆள் தேடுவது நல்லது. பூட்டிய வீட்டைப் பராமரிக்க எப்படியும் ஒருவருக்கு மாதம் காசு அனுப்புகிறோம். வளவு கூட்டுவது, தேங்காய் பொறுக்குவது போல நாய்க்குச் சாப்பாடு வைப்பதையும் அந்த ஒழுங்குக்குள் தெளிவாகச் சேர்க்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சாப்பாடு, வருத்தம் வந்தால் எந்த வைத்தியர், அந்தச் செலவு யாருடையது என்பதை எழுதி வையுங்கள். வாடகைக்குக் கொடுப்பதானால் நாயையும் ஏற்கும் குடும்பத்துக்கு வாடகையைக் குறைத்துக் கொடுக்கலாம். ஆளில்லாத வீட்டில் நாயை மட்டும் விட்டு, அயலவர் இரக்கப்பட்டுப் போடுவார் என்று நம்புவது ஒழுங்கு ஆகாது.

தீராத நோயில் வேதனைப்படும் நாயை நோவின்றி முடிவடையச் செய்வது பற்றிக் கால்நடை வைத்தியரிடம் பேசலாம். அதைத் தீர்மானிக்கவேண்டியது நாயின் நோய். விமானத் திகதி அல்ல.

இவ்வளவும் செய்யக் காசைவிட நேரம்தான் அதிகம் தேவைப்பட்டது. வீசா விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளிலேயே நாயைப் பற்றிய பேச்சையும் தொடங்குங்கள் என்பதுதான் இந்த அனுபவத்தில் நான் மற்றவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி. ஓடவேண்டி வந்த நாட்களில் எங்களுக்குக் கிடைக்காதது அந்த நேரம். இப்போது அது எங்கள் கையில் இருக்கிறது.

அம்மா புறப்படுவதற்கு முதல் கிழமை, தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் பெயரை மாற்றிக்கொடுக்கும்படி கால்நடை வைத்தியரிடம் கேட்டோம். அவர் அம்மாவின் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, அதற்கு மேலே வட்டக்கச்சி அம்மாவின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினார். அடுத்த ஊசிக்கான மாதமும் அதில் இருக்கிறது. அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பைப் பேத்தி எடுத்திருக்கிறாள்.